லெய்டன் தோட்டமும் நம் பக்கத்துச் செடிகளும்

தோட்டம் என்னும் சொல்லுக்கு நம் நாட்டுத் தமிழரிடையே தனிப்பொருள் உண்டு. “நான் தோட்டத்தில் பிறந்தவன்” என்று ஒருவர் கூறினால், அவர் பூச்செடிகளுக்கு நடுவே பிறந்தார் என்று எவரும் கொள்வதில்லை. பால்மர நிரைகளும், லயத்து வீடுகளும், பெரட்டுக் களமும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப் பள்ளியும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இங்கே நாம் காணப் போவது வேறு வகையான தோட்டம். ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில், பல்கலைக்கழகக் கட்டடத்தின் பின்புறத்தில் அமைந்தது. தொடங்கிய காலத்தில் அதன் அளவு ஏறத்தாழ 35 மீட்டருக்கு 40 மீட்டர். நம் ஊரில் ஒரு பள்ளித் திடல் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆயினும் நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கும், அடுப்பில் வேகும் பசலைக் கீரையும், சிலாங்கூரிலும் ஜொகூரிலும் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை நிற்கும் செம்பனையும், ஏதேனும் ஒரு வழியில் இத்தோட்டத்தின் வரலாற்றோடு பிணைந்தவை. ஆகையால் அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது வீண் முயற்சி ஆகாது.

லெய்டன் பல்கலைக்கழகம் போரின் நடுவே பிறந்தது. ஸ்பானிய மன்னனின் ஆட்சிக்கு எதிராக ஒல்லாந்தர் கிளர்ந்தெழுந்த காலத்தில் இந்நகர் முற்றுகைக்கு உள்ளாயிற்று. பசியாலும் கொள்ளை நோயாலும் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். கடல் நீரைத் தடுத்து நின்ற கரைகளை ஒல்லாந்தரே வெட்டிவிட்டு, வெள்ளத்தின் மேல் படகுகளைச் செலுத்தி, 1574 அக்டோபர் 3ஆம் நாள் நகரை மீட்டனர். மறு ஆண்டு, 1575இல், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். “வரி விலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா?” என்று இளவரசர் வினவ, மக்கள் கல்வியையே தேர்ந்தெடுத்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது. பசித்த வயிற்றோடு இருந்தவர்கள் அப்படி விடை கூறியிருப்பார்களா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகம் மருத்துவமும் கற்பித்தது. அக்கால ஐரோப்பிய மருத்துவம் பெரும்பாலும் பச்சிலை மருத்துவமே. நோயாளிக்கு இன்ன வேர், இன்ன பட்டை என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர், அந்த வேரையும் பட்டையையும் உயிருள்ள செடியில் கண்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லையேல் வேர் பறிப்பவனும் மருந்துக் கடைக்காரனும் கொடுத்ததையே நம்ப வேண்டும். கலப்படத்தையும் போலியையும் கண்டறிய வழியில்லை. இக்குறையைப் போக்கவே இத்தாலியின் பீசாவிலும் பாதுவாவிலும் 1540களில் பல்கலைக்கழக மூலிகைத் தோட்டங்கள் தோன்றின. லெய்டன் ஆசிரியர்களும் 1587இல் அத்தகைய ஒன்றைக் கேட்டனர். 1590இல் பல்கலைக்கழகத்தின் பின்னாலிருந்த நிலம் கிடைத்தது. நிலம் கிடைத்ததேயன்றி, அதைத் தோட்டமாக்கும் ஆள் அப்போது கிடைக்கவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1593 அக்டோபரில், அந்த ஆள் வந்து சேர்ந்தார். சார்ல் தெ லெக்ளூஸ் என்பது அவருடைய இயற்பெயர். அறிஞர் உலகம் அவரை க்ளூசியஸ் என்னும் இலத்தீனப் பெயராலேயே அறியும். 1526இல் ஆராஸ் நகரில் பிறந்தவர். சட்டம் படித்தவர், பின்னர் மொன்பெலியே நகரில் மருத்துவமும் செடிநூலும் பயின்றவர். வியன்னாவில் பேரரசர் மாக்சிமிலியனின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்து வந்த பேரரசர் ரூடால்பின் காலத்தில் அந்த வேலை போயிற்று. லெய்டனுக்கு அவர் வந்தபோது வயது 67, கால் ஊனமுற்றிருந்தது, குனிந்து மண்ணைத் தொடவும் இயலாத நிலை.

ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் இருந்தது. ஐரோப்பா முழுவதிலும் அவருக்கு நண்பர்கள் இருந்தனர். பிரபுக்கள், மருந்துக் கடைக்காரர்கள், தோட்டம் வளர்க்கும் சீமாட்டிகள், தூதுவர்கள் என்று பலரும் அவருக்கு மடல் எழுதினர். மடலோடு விதையும் கிழங்கும் அனுப்பினர். அவரும் அவ்வாறே திருப்பி அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கை 1588இல் பெற்று, அதை வளர்த்து, நண்பர்களிடையே பரப்பியவர்களுள் அவரும் ஒருவர். அக்காலத்தில் அஃது உணவன்று, ஒரு விந்தைச் செடி. இன்று ஐரோப்பியர் அரிசி போல் உண்ணும் பண்டம் ஒரு முதியவரின் கடிதப் போக்குவரத்தினூடே பரவியது என்பது வியப்புக்குரியதே.

மண்ணைத் தொட்டு வேலை செய்தவர் வேறொருவர். டெல்ஃப்ட் நகரத்து மருந்துக் கடைக்காரர் டிர்க் ஔட்கார்ட்சோன் க்ளௌட். தம் சொந்தத் தோட்டத்துச் செடிகளையும் கொண்டுவந்து, 1594இல் லெய்டன் தோட்டத்தைப் பாத்தி பிரித்து நட்டு முடித்தார். தேனீ வளர்ப்பைப் பற்றி ஒல்லாந்து மொழியில் நூலும் எழுதியவர். 1598இல் இறந்துபோனார். தோட்டத்தின் புகழ் முழுவதும் க்ளூசியசின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. க்ளௌடின் பெயரை அறிந்தோர் சிலரே. பெயர் யாருக்குப் போய்ச் சேருகிறது என்னும் வினா இக்கட்டுரையில் மீண்டும் எழும். அதனால் இதை இங்கேயே குறித்து வைக்கிறோம்.

அந்த முதல் தோட்டத்தின் திட்டப் படமும் செடிகளின் பட்டியலும் இன்றும் உள்ளன. நான்கு பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நீண்ட பாத்திகள். ஒவ்வொரு பாத்தியும் சிறு சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் செடிகள் அவற்றில் நின்றன. அவற்றுள் மருந்துக்கு ஆகும் செடிகள் ஒரு பகுதியே. மற்றவை அழகுக்காகவும், அருமைக்காகவும், “இப்படியும் ஒன்று உண்டா?” என்று அறியும் ஆவலுக்காகவும் வளர்க்கப்பட்டவை. மருத்துவ மாணவருக்காகக் கேட்டு வாங்கிய நிலத்தில், மருந்தோடு நில்லாமல் செடிகளையே செடிகளாக அறியும் படிப்பு முளைத்துவிட்டது. லெய்டன் தோட்டத்தின் தனிச்சிறப்பு இதுவே என்பது நம் கருத்து.

துலிப் மலரைப் பற்றிச் சொல்லாமல் லெய்டனைப் பற்றி எழுதினால் ஒல்லாந்தர் வருந்துவர். துருக்கிப் பேரரசிலிருந்து வந்த அக்கிழங்குகளை க்ளூசியஸ் வியன்னாவிலேயே வளர்த்தவர், லெய்டனுக்கும் கொண்டுவந்தார். அவர் கேட்ட விலைக்கு வாங்க மனமில்லாதவர்கள் இரவில் வந்து திருடிச் சென்றனர் என்பர். பின்னாளில் ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை பேசும் பித்து நாடெங்கும் பரவி, 1637 பிப்ரவரியில் திடீரென்று சரிந்தது. அந்தக் கதையைப் பலர் பலவாறு பெருக்கி எழுதிவிட்டனர். நாம் அதில் நிற்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சுவையானது. எந்தத் தீற்றல் கோடுகளுக்காக அம்மலர்களுக்கு அவ்வளவு விலை கொடுத்தார்களோ, அக்கோடுகள் செடி நோயுற்றதன் அடையாளம். கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றும் நச்சு நுண்மம் ஒன்றே அதற்குக் காரணம் என்பது 1920களில்தான் தெளிவாயிற்று.

நமக்கு இவற்றினும் முக்கியமானது க்ளூசியஸ் கீழைநாடுகளின்பால் கொண்டிருந்த நாட்டம். இளமையில் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் பயணம் செய்தபோது அவர் கையில் ஒரு நூல் கிடைத்தது. கோவாவில் 1563இல் அச்சான நூல். எழுதியவர் கார்சியா த ஓர்தா என்னும் போர்த்துகீசிய மருத்துவர். மிளகு, இலவங்கப்பட்டை, வெற்றிலை, மாம்பழம் முதலிய இந்தியப் பொருள்களைப் பற்றி இருவர் உரையாடுவதுபோல் அமைந்தது. மலாக்காவிலிருந்து வரும் டுரியானைப் பற்றியும் அதில் ஓர் உரையாடல் உண்டு! கோவாவில் நாட்டு வைத்தியர்களிடமும் வணிகர்களிடமும் கேட்டறிந்த செய்திகள் பல அந்நூலில் இடம்பெற்றன. க்ளூசியஸ் அதைச் சுருக்கி இலத்தீனத்தில் பெயர்த்து 1567இல் வெளியிட்டார். ஐரோப்பியப் புலவர் உலகம் ஓர்தாவை அறிந்தது இந்த மொழிபெயர்ப்பின் மூலமே. யூத மரபில் வந்தவர் என்பதற்காக, இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1580இல், ஓர்தாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கோவாவில் எரித்தனர் சமய விசாரணையாளர். அவர் எழுதியது எரியவில்லை.

1602இல் ஒல்லாந்துக் கீழை இந்தியக் கம்பெனி தோன்றியது. க்ளூசியசுக்கு அப்போது வயது 76. கம்பெனியாருக்கு அவர் ஒரு வேண்டுகோள் எழுதினார். கப்பலில் செல்லும் மருத்துவர்களும் மருந்தாளரும் மிளகு, சாதிக்காய் முதலியவற்றின் கிளைகளை இலையோடு தாள்களுக்கிடையே வைத்து உலர்த்திக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். கம்பெனிக்கு வேண்டியது மூட்டை மூட்டையாக மிளகு. முதியவருக்கு வேண்டியது ஒரு சிறு மிளகுக் கிளை. 1609இல் அவர் மறைந்தார். ஆனால் அவர் கேட்ட சிறு கிளைகள் அதன்பின் நூறாண்டு, இருநூறாண்டு, லெய்டனை நோக்கி வந்துகொண்டே இருந்தன.

தோட்டத்தைக் காணப் பயணிகளும் வந்தனர். தெற்குப் பக்கத்தில் 1600ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட நீண்ட கூடத்தில், குளிர்காலத்தில் தொட்டிச் செடிகளை வைத்தனர். விந்தைப் பொருள்களையும் சேர்த்தனர். ஆங்கிலேயரான ஜான் ஈவ்லின் 1641இல் இங்கு வந்தார். தோட்டக்காரர் ஒரு செடிப் பட்டியலைக் கொடுத்தாராம். பட்டியல் உண்மையானால் தோட்டத்தில் வெளிநாட்டுச் செடிகள் நிரம்ப உள்ளன என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார் ஈவ்லின். அந்த “ஆனால்” படிப்பதற்கு இனிமையாக இருக்கிறது. அதே 1641ஆம் ஆண்டில்தான் ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர் என்பதையும் நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

இனி மலையாளக் கரைக்கு வருவோம். கொச்சியில் கம்பெனியின் தளபதியாக இருந்தவர் வான் ரேடே. ஒல்லாந்திலிருந்து கப்பலில் வரும் மருந்துகள் வழியிலேயே கெட்டுப்போயின. விலையோ மிகுதி. சுற்றியிருக்கும் காட்டிலேயே மருந்து இருக்கும்போது கடல் கடந்து ஏன் வரவழைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். நாட்டு வைத்தியர்களைக் கூட்டினார். அவர்களுள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். தம் குலத்தில் வழிவழியாக வந்த ஏட்டுச் சுவடிகளின் துணையோடு செடிகளின் பெயரையும் குணத்தையும் அவர் எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினர். செடிகளைப் பறித்து வந்தோர், படம் வரைந்தோர், மலையாளத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கும் அதிலிருந்து இலத்தீனத்துக்கும் பெயர்த்தோர் எனப் பெருங் கூட்டமே உழைத்தது.

அவ்வுழைப்பின் பயன் “ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்”, அதாவது மலையாளத் தோட்டம் என்னும் நூல். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 740க்கும் மேற்பட்ட செடிகளைப் படத்தோடு விளக்குவது. முதல் தொகுதி தென்னையில் தொடங்குகிறது. மலையாளக் கரையில் இருந்து எழுதுபவன் வேறு எதில் தொடங்குவான்? படங்களில் செடியின் பெயர் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டது. இட்டி அச்சுதன் தம் கையால் மலையாளத்தில் எழுதிக் கொடுத்த சான்றுரையும் அந்நூலில் உள்ளது. ஐரோப்பியர் கீழைநாட்டுச் செடிகளைப் பற்றி எழுதிய நூல்களில், அறிவு தந்தவரின் பெயரையும் எழுத்தையும் இவ்வளவு மதிப்போடு அச்சேற்றியது அக்காலத்தில் அரிது. கேரளத்துத் தாவர அறிஞர் கா. சு. மணிலால் நம் காலத்தில் இந்நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்த்து அளித்தார். ஒரு வாழ்நாளின் பெரும்பகுதி அவருக்கு அதில் கழிந்தது.

லெய்டனுக்கும் இந்நூலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முதல் தொகுதிக்குக் குறிப்புரை எழுதியவர் அர்னோல்ட் சையன். லெய்டன் தோட்டத்தின் தலைவர். மலையாளக் கரையில் சொன்னது ஐரோப்பியர் அறிந்த எந்தச் செடியோடு ஒக்கும், எதோடு ஒவ்வாது என்று ஒப்பிட்டு எழுத, செடிகளை வளர்த்துப் பார்த்த ஒருவர் தேவைப்பட்டார். தொகுதி வெளிவந்த 1678ஆம் ஆண்டிலேயே சையன் இறந்தார். அவருடைய நாற்காலிக்கு லெய்டன் தேடிப் பிடித்த ஆள் அப்போது இலங்கை அனுபவம் உடையவராக இருந்தார்.

பால் ஹெர்மன் என்பது அவர் பெயர். செருமானியர். 1670களில் இலங்கையில் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றியவர். கம்பெனிக்கு இலங்கை என்றால் இலவங்கப்பட்டை. அந்தப் பட்டைக்காகவே போர்த்துகீசியரோடு போரிட்டுத் தீவின் கரைகளைப் பிடித்தனர். ஹெர்மனோ பட்டையோடு நிற்கவில்லை. கொழும்பைச் சுற்றியுள்ள செடி கொடிகளையெல்லாம் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, சிங்களப் பெயர்களையும் எழுதிவைத்தார். 1680இல் லெய்டனுக்கு வந்து தோட்டத்தைப் பொறுப்பேற்றார். இலங்கையிலிருந்தும் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் வந்த செடிகள் பெருகின. வெப்ப நாட்டுச் செடிகளுக்கு அடுப்பு மூட்டிச் சூடேற்றும் அறைகள் வேண்டியிருந்தன. நம் ஊர் வெயிலை லெய்டனில் விறகால் உண்டாக்க வேண்டியிருந்தது என்று சொல்லலாம். 1687இல் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை அச்சிட்டார். 1695இல் மறைந்தார், தாம் எழுதியவற்றில் பலவற்றை அச்சில் காணும் பேறு அவருக்கு இல்லை.

அவர் உலர்த்திய இலங்கைச் செடிகள் கைமாறிக் கைமாறி எங்கோ மறைந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் அவை டென்மார்க்கில் ஒரு மருந்தாளரிடம் தென்பட்டன. அவர் அவற்றைச் சுவீடனிலிருந்த லின்னேயசுக்கு அனுப்பினார். லின்னேயஸ் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1747இல் “ஃப்ளோரா சைலானிக்கா” என்னும் இலங்கைச் செடிநூலை வெளியிட்டார். இலங்கையில் ஒருநாளும் கால் வைக்காதவர் அவர்! ஹெர்மனின் அந்தத் தொகுதிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச் சாலையில் உள்ளன. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பறித்த இலை இன்றும் அத்தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லின்னேயசும் லெய்டனை அறிந்தவரே. 1735இல் ஒல்லாந்துக்கு வந்து, ஹார்டர்வைக் நகரில் மருத்துவப் பட்டம் பெற்று, இயற்கைப் பொருள்கள் அனைத்தையும் வகுத்துக் காட்டும் தம் முதல் பெருநூலை அதே ஆண்டில் லெய்டனில் அச்சிட்டார். பெருநூல் என்றோம், பக்கங்கள் பத்துப் பன்னிரண்டுதான், தாள் மட்டும் பெரிது. அப்போது லெய்டனில் வாழ்ந்த மூதறிஞர் பூர்ஹாவ. 1709 முதல் 1730 வரை தோட்டத்தின் தலைவராக இருந்தவர். “ஐரோப்பாவிலுள்ள பூர்ஹாவுக்கு” என்று மட்டும் விலாசமிட்டுச் சீனத்திலிருந்து வந்த கடிதம் அவரிடம் சேர்ந்ததாம். இதுவும் கதைதான், ஆனால் அவருடைய புகழின் அளவைக் காட்டும் கதை. லின்னேயஸ் 1738இல் சில காலம் லெய்டனில் தங்கித் தோட்டத்துச் செடிகளை ஒழுங்குபடுத்தும் பணியில் துணைநின்றார்.

1753இல் லின்னேயஸ் உலகச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொற்களால் ஆன பெயரைச் சூட்டும் நூலை வெளியிட்டார். இந்தியச் செடிகள் பலவற்றுக்கு அவருக்கு ஆதாரம் மேலே கூறிய மலையாள நூலும் இலங்கைத் தொகுதியுமே. ஆகையால் அவருடைய இலத்தீனப் பெயர்களுக்குள் நம் சொற்கள் சில நுழைந்து உட்கார்ந்துகொண்டன. பாக்கு மரத்துக்கு “அரேக்கா” என்று பெயர். அது மலையாளத்து அடைக்காய், தமிழின் அடைக்காய், போர்த்துகீசியர் வாயில் திரிந்த உருவம். மாமரத்துக்கு “மாங்கிஃபெரா”, மாங்காயைத் தாங்குவது என்று பொருள். கொடிப்பசலைக்கு “பசெல்லா”, நம் பசலையேதான். மலாய் மொழியும் விடவில்லை: பெலிம்பிங் என்று நாம் சந்தையில் வாங்கும் புளிப்புக் காய்க்கு “பிலிம்பி” என்பதே அறிவியற் பெயரின் இரண்டாம் சொல்.

எல்லாச் செடிக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. நம் கறிவேப்பிலையைப் பாருங்கள். அதற்கு “முர்ராயா கோனிகீ” என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. முர்ரே, கோனிக் என்பவர் இருவரும் லின்னேயசின் மாணவர்கள். கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர், தமிழ்நாட்டிலும் பின்னர் சயாம், மலாக்கா வரையிலும் செடி தேடி அலைந்தவர், மதிக்கத்தக்கவரே. ஆனாலும் அன்றாடம் தாளிப்பில் கருகும் அந்த இலையின் பெயரில் கறியும் இல்லை, வேம்பும் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் போக்கு மாறியது. செடிகள் லெய்டனுக்கு வருவதோடு, லெய்டன் வகையான தோட்டமே கீழைநாட்டுக்குப் போயிற்று. சாவகத்தில் போகோர் தாவரத் தோட்டத்தை 1817இல் நிறுவியவர் ரைன்வார்ட். அவர் அனுப்பிய சேகரிப்புகளில் பெரும்பகுதி கப்பலோடு கடலில் மூழ்கின. 1823இல் லெய்டன் பேராசிரியராகித் தோட்டத்துக்கும் தலைவரானார்.

போகோரின் கதை நம் கதையுமாகும். 1848இல் அங்கே நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. ஆப்பிரிக்காவில் பிறந்த மரம். நான்கில் இரண்டு, ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தின் வழியாக வந்தவை. அவற்றின் விதைகள் சுமத்ராவின் டெலிப் பகுதிக்குப் போயின. அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. 1917இல் சிலாங்கூரில் ஹென்ரி ஃபோகொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தென்னையின் தமிழ்ப் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது. பின்னாளில் ரப்பர் நிரைகளை அழித்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின என்பதை இங்கே விரிக்க இடமில்லை. அறிந்தவர் அறிவர்.

காப்பியின் பயணமும் இதுபோன்றதே. மலையாளக் கரையிலிருந்து சாவகத்துக்குப் போன செடி, 1706இல் சாவகத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துக்கு வந்து, அதன் வழித்தோன்றல் ஒன்று 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாயிற்று. அமெரிக்கக் காப்பித் தோட்டங்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு கண்ணாடி அறையில் தொட்டியில் நின்ற செடி எத்தனை மனிதரைக் கடல் கடக்க வைத்தது!

சப்பானியச் செடிகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஒல்லாந்தர் பணியில் நாகசாகியில் இருந்த செருமானிய மருத்துவர் சீபோல்ட், நாட்டுப் படங்களை வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1829இல் வெளியேற்றப்பட்டார். அவர் கொணர்ந்த செடிகளுள் சில லெய்டனில் இன்றும் உயிரோடு நிற்கின்றன. அவர் நினைவாக ஒரு சப்பானியத் தோட்டத்தையும் 1990இல் அமைத்தனர்.

தோட்டம் எப்போதும் வளர்ந்துகொண்டே போகவில்லை. 1860ஆம் ஆண்டளவில் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வானாய்வுக் கூடத்துக்காக எடுத்துக்கொண்டனர். விண்மீனைக் காண்போர்க்கும் இடம் வேண்டும் அல்லவா? மறுபுறம், பொதுமக்களின் வரவு பெருகியது. அமேசான் ஆற்றின் பேரல்லி 1870களில் லெய்டனில் பூத்தபோது ஊர் மக்கள் திரண்டனர். அம்மலர் இரவில் விரிவது. முதல் இரவு வெண்மை, மறு இரவு செம்மை. அதனால் இரவில் வந்து காத்திருந்து கண்டனர். மாணவருக்காக எழுப்பிய மதிலுக்குள், மாணவரல்லாதாரும் இவ்வாறு உரிமையோடு நுழையலாயினர்.

இன்று அது பல்கலைக்கழகத்தின் தோட்டமாகவே இருந்துகொண்டு, நுழைவுச் சீட்டு வாங்கும் எவருக்கும் திறந்திருக்கிறது. க்ளூசியசும் க்ளௌடும் நட்ட முதல் தோட்டத்தை 1594ஆம் ஆண்டுப் பட்டியலைக் கொண்டு 1930களில் வேறோர் இடத்தில் மீண்டும் உருவாக்கினர். 2009இல் அதன் பழைய இடத்துக்கே கொண்டுவந்தனர். 1601இல் நட்டதாகக் கூறப்படும் மரம் ஒன்றும் உண்டு. நம் சரக்கொன்றையைப் போலவே மஞ்சள் மலர்களைச் சரம் சரமாகத் தொங்கவிடுவது. க்ளூசியஸ் அதைக் கன்றாகக் கண்டிருக்க வேண்டும். கண்ணாடி வீடுகளுக்குள் நுழைந்தால், நம் காட்டுப் பொருள்களே எதிர்ப்படும்: ஆசிய ஆர்க்கிட் மலர்கள், மலாய்க்காரர் குரங்குக் குண்டான் என்று அழைக்கும் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி, மரத்தில் தொற்றிப் படரும் ஹோயாக் கொடிகள். மலாய்த் தீவுகளின் செடிகளை எல்லாம் தொகுத்து விளக்கும் “ஃப்ளோரா மலேசியானா” என்னும் பெருநூல் வரிசைக்கும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகள் தொட்டு, லெய்டன் நகரமே நடுவிடமாக இருந்து வந்தது. கினபாலு மலைச்சாரலில் ஒரு செடியின் பெயரை ஐயமறத் தெரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர், இன்றும் லெய்டனிலுள்ள உலர்செடித் தொகுப்பைப் புரட்ட நேரிடுகிறது.

அத்தொகுப்பை 19ஆம் நூற்றாண்டில் லெய்டனில் வளர்த்தவர் புளூமே. இளமையில் போகோரில் பணியாற்றியவர். சாவகத்துச் செடிகள் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பெயர் சூட்டியவர். புரவலர் பெயரையும் நண்பர் பெயரையும் செடிக்கு வைப்பது அக்கால வழக்கம். 1850களில் சாவகத்துச் சிறு செடி ஒன்றைப் புதிய இனமாக அவர் வகுத்தார். காஞ்சொறிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈர நிலத்தில், நிழலில், எவர் கண்ணிலும் படாமல் வளர்வது. விற்பனைக்கும் ஆகாது, தோட்டம் போடவும் ஆகாது. அதற்கு அவர் இட்ட பெயர் “அச்சுதேமியா”. கொச்சியில் வான் ரேடேக்குச் செடிகளைச் சொல்லிக் கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயர் அது.